மீன் வாடைக்குப் பத்து மதிப்பெண்

சென்னை
14.10.2024

அக்காவுக்கு,

இரண்டு வருஷமாக என் போனை நீ எடுப்பதில்லை. மாமா எடுத்தால் பக்கத்தில் நின்றுகொண்டு, "சாப்புட்டானான்னு கேளுங்க" என்று நீ கிசுகிசுப்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. சாப்பிட்டேன். என் வீட்டு மாடிப்படியில் நின்று, "இனிமே உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றுதான் சத்தியம் செய்தாய். கடிதத்தைப் பிரிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வங்கியில் காரைக்கால் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தேன். வரும் ஜூன் மாதத்திலிருந்து கிடைத்துவிட்டது. இனியா இப்போது ஏழாம் வகுப்பு. எட்டிலிருந்து அங்கே படித்தால், பன்னிரண்டு முடிக்கும்போது சரியாக ஐந்து வருஷம் அங்கே குடியிருந்தவள் ஆகிவிடுவாள். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய கல்லூரி இடங்களுக்கு அவளும் விண்ணப்பிக்கலாம். வாடகை வீடே வேண்டாம், சொந்தமாக வாங்கிவிடலாம் என்று வினிதாவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். வாடகை வீட்டில் நாங்கள் பட்டது போதும்.

பதினைந்து வருஷமாக எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக மீன் விற்கிறாய். உன்னைவிட அந்த ஊர்களை அறிந்த தரகர் யார் இருக்கிறார்கள்? எனக்காக நாலு இடம் பார். வீட்டுக்கடன் பிரிவில் இருப்பவன் என்பதால் ஒரு மதிப்பெண் தாள் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் அருகில் என்றால் இருபது, வங்கி அருகில் என்றால் இருபது, நல்ல தண்ணீர் பதினைந்து, சாலை அகலம் பத்து, பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்றால் இருபத்தைந்து, மீன் வாடை இல்லாத இடம் என்றால் பத்து. மொத்தம் நூறு.

என்னால் முடிந்தது நாற்பத்தெட்டு லட்சம். அதற்கு மேல் என் சம்பளத்துக்குக் கடன் கிடைக்காது. கடன் கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், நம்பு.

அன்பழகன்


பட்டினச்சேரி
24.10.2024

உயர்திரு அன்பழகன் அவர்களுக்கு,

தங்கள் தாள் கிடைத்தது. மீன் வாடை இல்லாவிட்டால் பத்து மதிப்பெண் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக்குத் தங்கள் தாளில் எத்தனை வரும் என்று கூட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் தூரம், வங்கி தூரம், சந்து குறுகல், விற்றால் வாங்க ஆளில்லை. தண்ணீருக்குப் பதினைந்து மட்டும் வருகிறது. ஃபெயில்.

அன்றைக்கு மாடிப்படியிலும் இதைத்தான் சொன்னீர்கள். இனியா பிறந்தநாளுக்கு நாலு கிலோ நெத்திலிக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு, ரயிலில் உட்கார இடமில்லாமல் வந்தவளைப் படியிலேயே மறித்து, "உள்ள கொண்டு வராதக்கா" என்று பையைப் பிடுங்கினீர்கள். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கருவாட்டை ஆட்டோக்காரரிடம் கொடுத்தேன். அவர் மோந்து பார்த்துவிட்டு எழும்பூர் வரைக்கும் காசே வாங்கவில்லை. மதிப்புத் தெரிந்த மனிதர்.

இருந்தாலும் என் மருமகளுக்காகப் பார்த்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

காரைக்கால் ஊருக்கு நடுவில் ஒரு வீடு. எண்பத்தைந்து லட்சம். நான் வண்டியை நிறுத்தி அரைக் கிலோ மத்தி நிறுப்பதற்குள் பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கிறது. திருநள்ளாற்றில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று. அறுபத்தைந்து. குடியிருக்க யாரும் அங்கே வாங்குவதில்லை, பக்தர்களுக்கு ரூம் விட வாங்குகிறார்கள். அதனால்தான் அந்த விலை. சனிக்கிழமை வீட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே முடியாது. அந்தத் தெருவில் சனிக்கிழமை ஒரு கிலோ மீன் நான் விற்றதாகச் சரித்திரம் இல்லை.

சுரக்குடி போகிற வழியில் வயலை மூடிப் புது மனை போட்டிருக்கிறார்கள். பெயர் ஏதோ கார்டன். தரகர் முத்தையன், "அக்கா, திருநள்ளாறு பக்கம், காரைக்கால் பக்கம், எதிர்காலம் பூரா இங்கதான்" என்றார். "கார்த்திகை மாசம் தண்ணி எங்க நிக்கும்?" என்று கேட்டேன். பேச்சை மாற்றி டீ வாங்கிக் கொடுத்தார்.

எல்லை வாய்க்காலைத் தாண்டினால், தமிழ்நாட்டுப் பக்கம், அதே வீடு பாதி விலை. அதே மண், அதே காற்று. அங்கே என்னிடம் வாடிக்கையாக வாங்கும் ஒரு பெண் சொன்னாள்: "இந்தப் பக்கம் சொந்த வீட்ட பூட்டிட்டு, புள்ளைக்காக அந்தப் பக்கம் வாடகைக்குப் போறோம்க்கா. இனிமே மீன அங்க கொண்டாந்து குடுங்க." தங்களுக்கும் அது உதவாது.

மழை வரட்டும். மழையில் மறுபடியும் பார்க்கிறேன். சித்திரையில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மீன் வாடை அஞ்சுகம்


சென்னை
2.11.2024

அக்கா,

'அவர்களுக்கு' என்று பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மறுபடி பிரித்தேன். நீ திட்டினால் எனக்குப் பயமில்லை, மரியாதை கொடுத்தால்தான் பயம். அந்தப் பத்து மதிப்பெண் என் புத்தி கெட்டு எழுதியது. கடன் கேட்பவர்களின் வீட்டை மதிப்பிட எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. அதில் 'சுற்றுப்புற வாடை' என்று ஒரு வரி. அதைக் காப்பியடித்து, நம் ஊராயிற்றே என்று 'மீன்' சேர்த்தேன்.

மாடிப்படி விஷயத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இனியாவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தபோது பக்கத்திலேயே வீடு தேடினோம். அந்த வட்டாரத்தில் எங்கள் கைக்கு எட்டிய வாடகையில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. கீழே உரிமையாளர், மேலே நாங்கள். அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. "சைவமா?" என்றார். வினிதா என் முகத்தைப் பார்த்தாள். நான், "ஆமா சார், பரம்பரையா" என்று சொல்லிவிட்டேன். பட்டினச்சேரி தர்மராஜ் மகன், விசைப்படகில் மீன் பிடித்து என்னைப் படிக்கவைத்த அப்பாவின் பிள்ளை, பரம்பரைச் சைவம்!

ஆறு வருஷமாகிறது அக்கா. ஒரு முட்டை பொரித்தால்கூட எல்லா ஜன்னலையும் மூடி ஊதுபத்தி ஏற்றுவோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் குளித்து, விபூதி பூசி, "கோயிலுக்குப் போயிட்டு வர்றோம் சார்" என்று சொல்லிவிட்டு, நாலு ஸ்டாப் தள்ளியிருக்கும் மெஸ்ஸில் மீன்குழம்பு சாப்பிட்டு வருவோம். உரிமையாளருக்கு எங்கள் மேல் அவ்வளவு மரியாதை. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியான குடும்பம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். நல்ல மனிதர் வேறு. அதுதான் இன்னும் கஷ்டம்.

நீ வந்த அன்று அவர் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உன் கையில் நாலு கிலோ நெத்திலி. பயந்துபோய்ப் பையைப் பிடுங்கினேன். உன்னை நினைத்து நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. நான் சொன்ன பொய்யை உன்னிடம் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

மன்னித்துவிடு.

அன்பு


பட்டினச்சேரி
21.11.2024

டேய் பரம்பரைச் சைவம்,

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். விபூதி பூசிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போகிற இடத்தில், பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். ஜன்னலை மூடிக்கொண்டா பிள்ளைக்கு முட்டை கொடுத்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கருவாட்டுக்குப் பதில் முறுக்கு சுட்டு எடுத்து வந்திருப்பேனே.

பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதிக்காகச் சத்தியம் அப்படியே இருக்கும். நீ என் எதிரில் வந்து நின்று, உன் வாயால், "அக்கா, கருவாடு குடு" என்று கேட்கிற அன்றைக்குத்தான் பேசுவேன்.

மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். கார்டனில் கால் வைத்தேன், செருப்பைக் காணோம். நாற்று நடலாம், அப்படி இருக்கிறது. விழிதியூரில் ஒரு நல்ல வீடு பார்த்தேன். தெருவும் மனிதர்களும் தங்கம். ஆனால் ஸ்கூல் பஸ் அந்தத் தெருவுக்குள் வராது. வினிதா தினமும் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தின் கிழக்கு ஓரம், நம் ஊருக்கு வருகிற வழியில், நீலமேகம் அய்யா வீடு. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், புதுச்சேரியில் இருக்கும் மகளிடம் போகிறார். மணல் மேடு. அவ்வளவு மழையிலும் வாசலில் கோலம் போடலாம் போல் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அப்படியே குடிக்கலாம். இரண்டு படுக்கையறை, கொல்லையில் தென்னை, பெரிய பெரிய ஜன்னல். ஸ்கூல் பஸ் வாசலில் நிற்கிறது. வங்கிக்கு உன் வண்டியில் இருபது நிமிஷம். ஐம்பத்தைந்து லட்சம் கேட்கிறார்.

மொட்டைமாடியில் ஏறி நின்றால் கடல் தெரிகிறது. என் வீட்டுக் கொல்லைக் கதவும் தெரிகிறது. ஒரு தகவலுக்காக எழுதுகிறேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அஞ்சுகம்


சென்னை
3.12.2024

அக்கா,

நீலமேகம் அய்யா வீட்டை என் தாளில் போட்டேன். எண்பத்தொன்பது. சென்னையில் நான் பார்த்த எந்த வீடும் எழுபதைத் தாண்டியதில்லை. வினிதா தாளை வாங்கி, 'கொல்லைக் கதவு தெரிகிறது' என்று கீழே ஒரு வரி எழுதி, பதினொன்று போட்டு நூறாக்கிவிட்டாள். அவள் கணக்குப் பாடத்தில் எப்போதும் இப்படித்தான்.

ஆனால் ஐம்பத்தைந்து எனக்கு முடியாது. எதையும் விற்றுச் சேர்க்க வழியில்லை. அவர் இறங்கிவருவாரா என்று நைசாகக் கேட்டுப் பார். இல்லையென்றால் விழிதியூரைப் பார்ப்போம். ஏப்ரலுக்குள் பத்திரம் முடியாவிட்டால் இனியாவுக்குப் பள்ளியில் இடம் பிடிக்க முடியாது. ஒரு வருஷம் தவறினாலும் அவளுடைய ஐந்து வருஷம் நாலாகிவிடும்.

அன்பு


பட்டினச்சேரி
30.1.2025

டேய் அன்பு,

பதில் எழுத நாளாகிவிட்டது. காரணம் இருக்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீலமேகம் அய்யா இறங்கிவிட்டார். நாற்பத்து நாலு. நீ குதிப்பதற்கு முன்னால் மீதியையும் படி.

பொங்கல் கழிந்து வெயில் வந்ததும் கருவாடு காயப்போடும் வேலையைத் தொடங்கினோம். நீ மறந்திருப்பாய், நம் ஊரில் கருவாடு காய்கிற மணல் திட்டு கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே முதல் வரிசையில் காய்கிறது யாருடைய கருவாடு? என்னுடையதுதான். வீடு பார்க்க வந்தவர்கள் காலையில் வந்தால், "அருமையான வீடு" என்று பத்திரம் வரைக்கும் பேசுகிறார்கள். மதியம் கடல் காற்று திரும்புகிறது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த ஒருவர் ஐம்பது வரைக்கும் வந்தார். வியாழக்கிழமை வந்தார். வியாழக்கிழமை நான் திருக்கை காயப்போடுகிற நாள், அதற்குத்தான் வாடை அதிகம். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. பதினைந்து வருஷமாக வியாழக்கிழமைதான் திருக்கை.

நீலமேகம் அய்யாவே என்னைத் தேடி வந்தார். "முப்பது வருஷமா இந்த வாடையில தூங்குனவன்தான்மா நான். எனக்கொண்ணும் இல்ல. ஆனா வாங்க வர்றவனுக்கு மூக்கு இருக்கே! ரெண்டு மாசம் காயப்போடாம இரு, வீடு ஐம்பத்தஞ்சுக்குப் போயிரும். உனக்கு ஒரு லட்சம் தர்றேன்" என்றார். நியாயமாகத்தான் கேட்டார். "அய்யா, என்னோட சேர்ந்து காயப்போடுற மத்த பொம்பளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றேன். அவர் காய்கிற வரிசைகளைக் கடைசி வரைக்கும் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து, அரைக் கிலோ வாளைக் கருவாடு வாங்கிக்கொண்டு போனார்.

ஆக, அந்த வீட்டு விலையில் பதினொரு லட்சத்தைத் தின்றவள் உன் அக்காதான். உன் தாளில் எண்பத்தொன்பது என்று போட்டாயே, வாடைக்கும் பத்து கொடுத்துவிட்டாய். நான் உன்னிடம் மறைத்தேன். மழைக்காலத்தில் வாடை இல்லை, அதனால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் வந்துவிட வேண்டும் என்ற ஆசையில் மறைத்தேன். சித்திரை வைகாசியில் காற்று நேராக உன் கூடத்துக்குள் வரும். இனியா மெட்ராஸ் பிள்ளை. மூக்கைப் பிடித்தால் அவளைக் குற்றம் சொல்லக்கூடாது.

வேண்டாம் என்றால் விழிதியூர் இருக்கிறது. நான் வருத்தப்படமாட்டேன். பொய், படுவேன். ஆனால் உன்னிடம் காட்டிக்கொள்ளமாட்டேன். ஒரு மதிய நேரம், அதுவும் வியாழக்கிழமையாகப் பார்த்து, மூன்று பேரும் வந்து அந்த வீட்டில் நின்று பாருங்கள். நான் அன்றைக்குத் திட்டில் இருக்கமாட்டேன், வியாபாரத்துக்குப் போய்விடுவேன். என் முகத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யக்கூடாது.

அக்கா


சென்னை
12.3.2025

அக்கா,

போன வியாழக்கிழமை வந்தோம். சொன்னபடியே நீ இல்லை. மணல் திட்டில் உன் திருக்கை மட்டும் வரிசையாகக் கிடந்தது. மாமா வாசலில் நின்று, "உங்கக்கா சுரக்குடி போயிருக்கா, வெறும் பெட்டியோட" என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. நீலமேகம் அய்யா பாவம், எங்கள் முகத்தைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனியா கூடத்தில் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். மூச்சை நன்றாக இழுத்தாள். "அப்பா, வீடு பூரா மெஸ் வாசனை வருது!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் பொய் சொல்லிவிட்டுப் போனால்தான் கிடைக்கிற வாசனை அது. வினிதா சமையலறைக்குப் போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொக்கி சரியா இருக்கான்னு பாக்குறியா?" என்று கேட்டேன். "இல்லங்க, மூட வேணாமில்ல, அதான்" என்றாள்.

வீட்டை வாங்கிவிட்டோம். முன்பணம் கொடுத்தாயிற்று. ஏப்ரல் முதல் வாரம் பத்திரம். வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. நாற்பத்து நாலுக்கு நான் வாங்கவில்லை. நாற்பத்தெட்டு கொடுக்கிறேன். வாடைக்காகத்தானே அவர் விலையைக் குறைத்தார்? எனக்கு அது குறையே இல்லையே. இல்லாத குறைக்கு ஒரு பெரியவரிடம் பதினொரு லட்சம் கழிப்பது மனசுக்கு ஒப்பவில்லை. என்னிடம் இருக்கிற மட்டும் கொடுத்துவிட்டேன். நீலமேகம் அய்யா, "தம்பி, நீங்க பேங்குலதான வேலை பாக்குறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சென்னை உரிமையாளரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். அப்புறம், "அப்ப அந்த ஞாயித்துக்கிழமை கோயில்?" என்றார். மெஸ் என்றேன். "ஊதுபத்தி நாத்தம் தாங்காம நாங்க ஆறு வருஷமா ஜன்னல மூடி வெச்சிருந்தோம்ப்பா" என்றார்.

என் தாளைக் கிழித்துப் போட்டேன். கருவாடு குடு, அக்கா.

அன்பு


பட்டினச்சேரி
19.3.2025

அன்பு,

பைத்தியக்காரா! இறங்கி வந்த மனிதரை ஏற்றிவிட்டவன் இந்தக் கடற்கரையிலேயே நீ ஒருவன்தான். ஏலத்தில் நான் ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்துகிறேன். நீ உட்கார்ந்த இடத்தில் நாலு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாய். உன்னை நம்பி ஒரு வங்கி நடக்கிறது.

திட்டி முடித்துவிட்டேன். நீலமேகம் அய்யா நேற்று மணல் திட்டுக்கு வந்து, "உன் தம்பி நல்லா இருப்பாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற பெண்களுக்கு முன்னால் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே.

அன்றைக்கு நான் சுரக்குடியில் இல்லை. வெறும் பெட்டியோடு திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ குடித்தேன். உன் கார் திரும்பிப் போகும்போது இனியா கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடிதத்தில் கேட்டதெல்லாம் செல்லாது. எதிரில் நின்று, வாயால் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வைகாசி என்றால் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது, நல்ல மீன் கிடைப்பது கஷ்டம், என்னிடம் கருவாடுதான் இருக்கும். நீ கேட்கத் தோதான சமயம்தான்.

பாலை முறைப்படி காய்ச்சு. பூஜை பண்ணு, வந்தவர்களுக்குச் சைவச் சாப்பாடு போட்டு அனுப்பு, உனக்குத்தான் பழக்கம் இருக்கிறதே. மறுநாள் காலையில் உன் அடுப்பு என்னுடையது. நெத்திலிக் கருவாட்டை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நாலு கிலோ, அன்றைக்குக் கொண்டுவந்த அதே அளவு. மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைக்கிறேன்.

நான் படியேறி வரும்போது நீ வாசலில் நின்று கேள். பையை வாங்கிக்கொள். வினிதாவிடம் சொல், எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கட்டும்.

அக்கா